பொப்பரை விளங்க வைத்த ஊசலும் வாவியும்

லண்டனில் இருக்கும் எங்கள் கல்லூரிச் சங்க உறுப்பினர் பலர் ஹோல்போர்ன் நிலையத்தில் இறங்கி ஆல்ட்விச் பக்கமாக நடந்திருப்பார்கள். அந்த வழியில் ஒரு சிறு தெருவில் லண்டன் பொருளியல் கல்லூரி இருக்கிறது. 1949 இல் அங்கே மெய்யியலாளர் கார்ல் பொப்பர் ஏற்றுக்கொண்ட பேராசிரியர் பதவியின் பெயர் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’. மட்டக்களப்பில் உயர்தரக் கலைப்பிரிவில் படித்தவர்களுக்கு இது பழகிய பெயர். எங்கள் நேரசூசியில் இருந்த பாடத்தின் பெயரும் அதுவேதான்.

பாடம் மேல்மாடிக் கடைசி வகுப்பறையில் நடக்கும். யன்னலைத் திறந்தால் வாவி. அந்த வகுப்பில் பிள்ளைகள் எழுதும் விடை பெரும்பாலும் மூன்று வரிதான்: விஞ்ஞானத்துக்குப் பொய்ப்பித்தல் கோட்பாட்டைத் தந்தவர் பொப்பர், எல்லா அன்னமும் வெள்ளை என்பது ஒரு கருதுகோள், ஒரு கறுத்த அன்னத்தைக் கண்டால் அது பொய். இதற்கு எங்கள் சேர் பாதிப் புள்ளியும் போடமாட்டார். தாளை நடுவில் மடித்து இரண்டு பக்கமாக்கச் சொல்லுவார். இடப்பக்கத்தில், ‘எது நடந்தால் இந்தக் கூற்றைக் கைவிடுவேன்’ என்பதைப் பார்க்கப் போவதற்கு முன்பே மையால் எழுத வேண்டும். நடந்தது என்ன என்பது பிறகு வலப்பக்கத்தில் வரும். இடப்பக்கம் வெறுமையாக இருந்தால் வலப்பக்கத்தை அவர் வாசிப்பதே இல்லை. பொப்பரின் முழுத் தத்துவமும் அந்த மடித்த தாளுக்குள் இருந்தது என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்லலாம்.

பொப்பர் 1902 யூலை 28 இல் வியன்னாவில் பிறந்தார். தகப்பன் வழக்கறிஞர், வீடு நிறையப் புத்தகம். யூத வழிவந்த குடும்பம், பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே லூதரன் கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தது. பதினாறு வயதில் பாடசாலையை விட்டு விலகி, பல்கலைக்கழக விரிவுரைகளை வெளியாளாக இருந்து கேட்டார். 1922 தொடக்கம் இரண்டு வருடம் அலுமாரி செய்யும் தச்சுப் பட்டறையில் தொழில் பழகினார். 1928 இல் உளவியலில் கலாநிதிப் பட்டம். பிறகு பாடசாலையில் கணிதமும் பௌதிகவியலும் படிப்பித்தார். பொய்ப்பித்தலை விளக்கும் பெரிய நூலை எழுதிய காலத்தில் அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பது எங்கள் ஆசிரியர்களுக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் அவருடைய சிந்தனை பிறந்தது 1919 இல். அந்த ஒரே வருடத்தில் மூன்று காரியம் நடந்தன. சில மாதம் மார்க்சியக் கட்சிக்காரரோடு நின்றார். யூனில் வியன்னாவில் ஊர்வலம் போன இளைஞர்கள் பொலிசாரின் சூட்டில் இறந்தார்கள். புரட்சிக்கு இப்படிப்பட்ட இழப்பு வேண்டியதுதான் என்ற விளக்கத்தை அவரால் ஏற்க முடியவில்லை. அதே காலத்தில் உளவியலாளர் அல்பிரட் அட்லரின் சிறுவர் நிலையத்தில் தொண்டு செய்தார். ஒரு பிள்ளையைப் பற்றி அட்லரிடம் சொன்னபோது, அந்தப் பிள்ளையைக் காணாமலே தாழ்வுணர்ச்சிக் கோட்பாட்டால் அவர் விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்டதற்கு, ஆயிரம் மடங்கு அனுபவம் என்றார். இப்போது அது ஆயிரத்தொரு மடங்கு ஆகிவிட்டது போலும் என்று பொப்பர் பதில் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். எந்தச் சம்பவம் வந்தாலும் கோட்பாட்டுக்கு இன்னொரு சான்றாகவே முடிகிறதென்றால், எந்தச் சம்பவத்தையும் அது தடைசெய்யவில்லை. அட்லரிடம் அவருக்கு உறுத்தியது அதுதான்.

மூன்றாவது, மே 29 இன் சூரிய கிரகணம். ஆபிரிக்காக் கரையோரத்துப் பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் ஆங்கிலேயக் குழுக்கள் படம் எடுத்தன. சூரிய விளிம்பை உரசி வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை வளையும் என்றது ஐன்ஸ்டைனின் கணக்கு. நியூட்டன் வழியில் போட்டால் அதன் பாதி, 0.87. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600 இல் ஒரு பங்கு. சோப்ராலில் சிறிய தொலைநோக்கி தந்தது 1.98, பிரின்சிப்பே தந்தது 1.61. சோப்ராலின் மற்றத் தொலைநோக்கி நியூட்டன் பக்கமாக, 0.9 அளவில் தந்தது. வெயிலில் கண்ணாடி சூடேறிக் குவியம் குலைந்தது என்று அந்தத் தட்டுகளை ஒதுக்கினார்கள். நவம்பர் 6 இல் லண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஒதுக்கியது சரியா என்று கேட்பது நல்ல மாணவனின் வேலை. 1979 இல் அதே தட்டுகளைப் புதுக் கருவியால் மறுபடி அளந்தபோது 1.55 வந்தது, பிழை எல்லை 0.34. அந்த எல்லைக்குள் 1.75 விழும், 0.87 விழாது. பொப்பரை ஈர்த்தது முடிவைவிட அதற்கு முந்திய நிலைமை. ஐன்ஸ்டைன் இலக்கத்தை முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். வேறு இலக்கம் வந்திருந்தால் தப்ப வழி இல்லை.

இனி அளவையியல், அதாவது தர்க்கம். ‘மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது.’ இந்த வாதம் வாய்ப்பற்றது, முடிவு கட்டாயமாக வராது. விடியற்காலை யாரோ சாணித் தண்ணீர் தெளித்திருக்கலாம். ‘மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனையவில்லை. ஆகவே மழை பெய்யவில்லை.’ இது வாய்ப்பானது, முடிவு கட்டாயமாக வரும். கோட்பாட்டிலிருந்து வரும் எதிர்வுகூறல் ஆயிரம் தடவை பலித்தாலும் கோட்பாடு நிறுவப்பட்டதாகாது. ஒரு தடவை பலிக்காவிட்டால் எங்கோ ஒரு இடத்தில் பிழை இருப்பது உறுதி. கண்ட சிலதிலிருந்து எல்லாவற்றுக்கும் பொதுவிதி எடுக்கும் தொகுத்தறிவு பற்றி மெய்யியலாளர் ஹியூம் எழுப்பிய சிக்கலுக்குப் பொப்பர் கண்ட வழி இந்தச் சமமின்மைதான். விஞ்ஞானி பொதுமையாக்கத்தை அவதானங்களிலிருந்து திரட்டி எடுப்பதில்லை. துணிந்து ஊகிக்கிறான், அந்த ஊகத்தை உடைக்கப் பார்க்கிறான். உடையாமல் நின்றது உண்மை என்று அவர் சொல்லவே இல்லை. இதுவரை தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான்.

பரீட்சையில் பிள்ளைகள் இரண்டு இடத்தில் விழுவார்கள். முதலாவது, வியன்னா வட்டம் என்ற மெய்யியலாளர் குழுவின் வாய்ப்புப் பார்த்தலையும், அதாவது அனுபவத்தால் சரிபார்த்தலையும், பொப்பரின் பொய்ப்பித்தலையும் ஒரே வேலைக்கான இரண்டு கருவி என்று எழுதுவது. வட்டத்தார் தேடியது, அர்த்தமுள்ள கூற்று எது, அர்த்தமற்றது எது என்பதை. பொப்பர் தேடியது விஞ்ஞானத்துக்கும் மற்றதுக்கும் இடையிலான எல்லையை. எல்லைக்கு வெளியே நிற்கும் பேச்சை அவர் அர்த்தமற்றதென்று தள்ளவில்லை. பழைய அணுக்கொள்கை போல, சோதிக்க முடியாத ஊகமாகத் தொடங்கிப் பிறகு விஞ்ஞானமானவை உண்டு என்றார். வட்டத்தைச் சேர்ந்த நொய்ராத் இவரை ‘உத்தியோகபூர்வ எதிர்க்கட்சி’ என்று அழைத்தார். அந்தப் பெரிய நூல் 1934 இல் ஜேர்மன் மொழியில், வட்டத்தாரின் நூல்வரிசையிலேயே வந்தது. ஆங்கிலத்தில் வர 1959 ஆயிற்று.

இரண்டாவது, பொய்ப்பிக்கத்தக்கது என்றால் பொய் என்று எண்ணுவது. வீழக்கூடிய கூற்று வேறு, வீழ்ந்த கூற்று வேறு. இதற்குச் சேர் அன்னத்தை விட்டுவிட்டுக் கொக்கைப் பிடிப்பார். ‘எல்லாக் கொக்கும் வெள்ளை.’ வயலோரத்தில் குந்தியிருக்கும் குருட்டுக் கொக்கு மண்ணிறம்; கலைத்துவிட்டால் வெள்ளைச் செட்டையோடு பறக்கும். அப்படியானால் எங்கள் கூற்று வீழ்ந்ததா? வெள்ளை என்றால் எந்த நிலையில், எவ்வளவு பங்கு என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். அவதானக் கூற்றும் ஒரு தீர்மானத்தின் மேல்தான் நிற்கிறது என்பதைப் பொப்பர் அறிந்திருந்தார். விஞ்ஞானம் பாறைமேல் எழுந்த கட்டடம் அன்று, சதுப்புக்குள் இறக்கிய தூண்களின் மேல் நிற்பது. தூண்கள் அடிப்பாறையைத் தொட்டதனால் நாம் இறக்குவதை நிறுத்தவில்லை, இப்போதைக்குப் பாரத்தைத் தாங்கும் என்று கண்டு நிறுத்துகிறோம் என்று அவர் எழுதினார். 1924 இல் கட்டிய கல்லடிப் பாலத்தின் கால்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கலைப்பிரிவுக்கு ஆய்வுகூடச் சாவி கிடையாது. ஊசலுக்கு ஆய்வுகூடம் தேவையும் இல்லை. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பொப்பர் கையில் பிடிபடுவது இங்கேதான்.

பழைய ஆங்கிலப் பாடநூல்களில் புவியீர்ப்பு ஆர்முடுகல், அதாவது விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் அளவு, 9.81 என்று இருக்கும். அது லண்டனின் பெறுமானம். பூமி துருவத்தில் தட்டையாகவும் நடுக்கோட்டில் புடைத்தும் சுழல்வதால், ஏறக்குறைய 7.7 பாகை அகலக்கோட்டில் இருக்கும் மட்டக்களப்பில் அது 9.78. வித்தியாசம் நூற்றுக்கு 0.3. ‘புவியீர்ப்பு ஆர்முடுகல் எங்கும் 9.81’ என்பது நல்ல துணிந்த ஊகம். ஒரு மீற்றர் நூலாலும் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டாலும் அதை வீழ்த்தலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் கணக்கு. ஒரு மீற்றர் ஊசலின் அலைவுகாலம், அதாவது ஒரு தடவை போய்வரும் நேரம், 9.81 என்றால் 2.006 செக்கன், 9.78 என்றால் 2.009 செக்கன். ஐம்பது அலைவுக்கு வித்தியாசம் 0.15 செக்கன் மட்டும். நிறுத்தற்கடிகாரத்தை அமுக்கும் விரலின் பிழையே 0.2 செக்கன் வரும். ஆகவே ஐம்பது அலைவு எண்ணிவிட்டு 9.81 சரி என்றோ பிழை என்றோ சொல்பவன் ஒன்றையும் சோதிக்கவில்லை. இருநூறு அலைவு எண்ணினால் வித்தியாசம் 0.61 செக்கனாக விரிகிறது. விரல் பிழை அப்படியே நிற்கிறது. இப்போதுதான் சோதனை சோதனையாகிறது. பொப்பர் சொன்ன கடுமையான சோதனை இதுவே: கூற்று பிழையாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் வலு சோதனைக்கு இருக்க வேண்டும்.

அடுத்து, பிழை புகும் வழிகள். நூலைச் சுவரில் அடித்த ஆணியில் சுற்றித் தொங்கவிட்டால் ஊசலாடும்போது நீளம் மாறும். நடுவால் பிளந்த தக்கைத் துண்டுக்கிடையில் நூலை இறுக்க வேண்டும். நூல் பாரத்தில் நீளும், மீன்பிடி நைலோன் நூலான தங்கூசியும் நீளும். ஆகவே குண்டைத் தொங்கவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும், அதுவும் குண்டின் நடுமட்டும். குண்டின் மேல்விளிம்போடு நிறுத்தி ஒரு சென்ரிமீற்றரை விட்டுவிட்டால் விடை நூற்றுக்கு ஒன்று குறையும், தேடிப்போன வித்தியாசத்தின் மூன்று மடங்கு. ஆட்டம் அகலமானால் அலைவுகாலம் கூடும்: பத்துப் பாகை, அதாவது பக்கவாட்டில் 17 சென்ரிமீற்றர் இழுத்து விட்டால், விடை கிட்டத்தட்ட நூற்றுக்கு 0.4 குறைந்துவிடும். லண்டனில் இருந்துகொண்டே மட்டக்களப்பு இலக்கத்தைப் பெற அது போதும்! ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் இழுக்காதே என்பது அதனால்தான். எண்ணத் தொடங்கும்போது ‘ஒன்று’ என்று தொடங்குவது மிகப் பழைய பிழை. குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது ‘பூச்சியம்’ என்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பது என்று எண்ணியது நாற்பத்தொன்பதாகி, 10.18 என்ற விடை வரும். பல நீளங்களுக்கு எடுத்து, அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபாக்கிக் கோட்டின் சாய்வான படித்திறனைப் பார்த்தால், குண்டின் நடுவை அளந்ததில் இருந்த நிலையான பிழை கோடு அச்சை வெட்டும் வெட்டுத்துண்டுக்குள் ஒதுங்கிவிடும்.

பிள்ளைகள் செய்யும் பெரிய குற்றம் இவற்றில் எதுவும் இல்லை. 9.62 வந்தால் அழித்துவிட்டு 9.8 என்று எழுதுவதுதான். வாசிப்பை விடைக்குப் பொருத்தினால் இடப்பக்கத்தை வலப்பக்கம் தின்றுவிடுகிறது. 9.62 ஐ அப்படியே வைத்துவிட்டு, எந்தத் துணைக் கருதுகோள் உடைந்தது, தக்கையா, தூரமா, எண்ணிக்கையா என்று ஒவ்வொன்றாகத் தேடுவதில்தான் படிப்பு இருக்கிறது.

இது வகுப்பறை விளையாட்டு மட்டும் அல்ல. 1672 இல் ஜோன் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், எங்களைப் போலவே நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள தென்னமெரிக்கக் கயேன் தீவில், பாரிசில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூடு நாளுக்கு இரண்டரை நிமிடமளவு பிந்துவதைக் கண்டார். செக்கன் ஊசலை ஏறக்குறைய 2.8 மில்லிமீற்றர் குறுக்க வேண்டி வந்தது. வெப்பத்தால் கோல் நீண்டிருக்கும் என்று பழைய எண்ணத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். ஆனால் அந்தக் காப்பையும் சோதிக்கலாம். ஒரு மீற்றர் இரும்புக்கோல் 15 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் 0.2 மில்லிமீற்றர்கூட நீளாது. நியூட்டனும் வெப்பக் காரணத்தை எடைபோட்டுப் போதாதென்று தள்ளி, பூமி நடுக்கோட்டில் புடைத்திருக்கிறது என்ற முடிவுக்குப் பக்கபலமாக ரிஷேயின் அளவீட்டைக் கொண்டார்.

துணைக் கருதுகோளைப் பொப்பர் தடைசெய்தார் என்று சிலர் எழுதுவது தவறு. யுரேனஸ் கணக்குப்படி ஓடவில்லை என்றபோது நியூட்டனைக் கைவிடாமல், வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. இடத்தையும் சொன்னார், 1846 செப்டம்பர் 23 இரவு பேர்லினில் வானியலாளர் கால்லே ஒரு பாகைக்குள் நெப்தியூனைக் கண்டார். அதே லெவெரியே, புதனின் பாதை பிசகுவதற்கும் சூரியனுக்கு அருகில் வல்கன் என்றொரு கோள் இருப்பதாக 1859 இல் சொன்னார். அப்படி ஒரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்தப் பிசகை 1915 இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். இரண்டு காப்புகளும் நேர்மையானவை, ஏனென்றால் இரண்டும் எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னன. பொப்பர் வெறுத்தது, எங்கே பார்ப்பதென்று சொல்லாத காப்பை.

அப்படியான காப்பை அம்பாறை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், ஒவ்வொரு போகமும் கேட்கலாம். கபிலநிறத் தத்தியை, வேளாண்மைக்காரர் அறக்கொட்டி என்பதை, அடக்க மருந்து அடிக்கிறார்கள். மூன்று கிழமையில் தத்தி பெருகி, வட்டம் வட்டமாகப் பயிர் எரிகிறது. மருந்து கலப்படம், மழை கழுவிவிட்டது, பக்கத்து வயலிலிருந்து பறந்து வந்தது என்று காரணம் வரும். முடிவு எப்போதும் இன்னும் ஒரு தடவை அடி என்பதே. போட்டிக் கருதுகோள் இது: தத்தியின் முட்டை இலைமடலுக்குள் மறைந்திருப்பதால் மருந்துக்குத் தப்புகிறது, தத்தியைத் தின்னும் சிலந்திகள் தப்புவதில்லை, ஆகவே பொரித்து வரும் குஞ்சுகளுக்கு எதிரி இல்லை. இது தெளிவாகத் தடைசெய்கிறது: அடிக்காத வரவையில், அதாவது வரம்பு கட்டிய வயல் துண்டில், தத்தி கூடுதலாக இருக்கக் கூடாது. சோதிக்க ஒரே வட்டையில், ஒரே இனம், ஒரே அளவு யூரியா போட்ட இரண்டு வரவை வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக நடந்து 20 நெல் மூட்டுகளின் அடியைத் தட்டி, தண்ணீரில் விழும் தத்தியையும் சிலந்தியையும் தனித்தனியே எண்ண வேண்டும். அடிக்குமுன் ஒரு தடவை, பிறகு 7, 14, 21 ஆம் நாட்களில். வரம்போரத்தில் மட்டும் எண்ணினால் பிழையாகும், தத்தி நடு வயலில் திட்டாகத் தொடங்கும். மேல் இலையைப் பார்த்தாலும் பிழையாகும், அது தண்டின் அடியில்தான் இருக்கும். காற்றில் மருந்து மற்ற வரவைக்கு அடித்துப் போனால் ஒப்பீடே இல்லை. இந்தோனேசியா இந்த வழியில் பாடம் படித்து 1986 இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது.

விஞ்ஞான வரலாற்றாசிரியர் தோமஸ் கூன் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1962 இல் வந்த அவருடைய நூல், விஞ்ஞானிகள் பெரும்பாலும் கட்டளைப் படிமத்துக்குள், அதாவது எல்லோரும் ஏற்ற ஒரு மாதிரிக்குள், இருந்து புதிர் அவிழ்ப்பவர்கள், எதிர்ச்சான்றை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடர்பவர்கள் என்று காட்டியது. 1965 யூலையில் லண்டனில் பொப்பரின் முன்னிலையிலேயே இதை விவாதித்தார்கள். வரலாறாக எடுத்தால் கூன் சொன்னது பெரிதும் சரி. ஆனால் மருந்து அடிக்கலாமா விடலாமா என்று நிற்கும் வேளாண்மைக்காரருக்குக் கூனிடம் கைக்குதவும் பதில் இல்லை; பொப்பரிடம் இருக்கிறது. மெய்யியலாளர் லக்காட்டோஸ் இருவரையும் சேர்த்துக் கட்டப் பார்த்தார். அவருடைய ‘ஆராய்ச்சி நிகழ்ச்சித்திட்டம்’ என்ற கருத்து நெப்தியூனுக்கும் வல்கனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நன்றாக உதவும்.

பொப்பர் தன் சொல்லைத் தனக்கும் பொருத்தினார் என்பதைக் குறிப்பிட வேண்டும். டார்வினின் இயற்கைத் தேர்வு சோதிக்கத்தக்க கோட்பாடு அல்ல, பௌதிகவதீத ஆராய்ச்சித் திட்டம் என்று எழுதியிருந்தவர், 1970களின் கடைசியில் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். 1937 இல் நாசிகளின் நிழல் விழமுன் வியன்னாவை விட்டு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் போய், அங்கே சர்வாதிகாரத்துக்கு எதிரான பெரிய நூலை எழுதினார். 1946 இல் லண்டன் வந்தார். 1965 இல் சேர் பட்டம். கடைசிக் காலத்தில் இருந்தது குரொய்டனை அடுத்த கென்லியில், எங்கள் ஆட்கள் பலர் இருக்கும் பக்கம். 1994 செப்டம்பர் 17 இல் காலமானார், அஸ்தி வியன்னாவில்.

கடைசியாக, எங்கள் யன்னலுக்கு வெளியே இருந்த கேள்வி. மட்டக்களப்பு வாவிக்குள் இரவில் கேட்கும் ஒலியைப் பாடும் மீன் என்பார்கள். அது பௌர்ணமியில் மட்டும்தான் பாடுமா?

கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பது ஊர் வழக்கம். இதில் நல்ல பௌதிகவியல் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் ஒலியின் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு வெளிவரும்; மரம் அதைத் தண்ணீரிலிருந்து நேரே எலும்புக்குக் கொண்டுவருகிறது. 19 ஆம் நூற்றாண்டில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஒலிபோல என்று எழுதினார். தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி கூடியதையும் குறித்தார். மீனவர்கள் அவருக்குக் காரணமாகக் காட்டியது மீனை அல்ல, சிப்பிபோல ஓடுள்ள ஊரியை. விபுலானந்த அடிகள் இந்த ஒலியை நீரர மகளிரின் இசையாகப் பாடினார். கவிதைக்கு இடப்பக்கம் தேவையில்லை, அது வேறு செல்வம்.

பௌர்ணமியில் மட்டும் என்ற கூற்றுக்குச் சான்றாக வருபவர்கள் எல்லோரும் பௌர்ணமியில் மட்டும் தோணி ஏறியவர்கள். நிலவில்லாத இரவில் யாரும் போவதில்லை. சான்று குவிந்துகொண்டே போகும், சோதனை ஒன்றும் நடக்காது. அட்லரின் ஆயிரத்தொரு மடங்குதான் இதுவும்.

சோதனை இப்படி இருக்க வேண்டும். இரண்டு மாதம் எடுத்து, பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அரைநிலவு என்று எட்டு இரவு. ஒரே இடம், ஒரே ஆழம். இரவு 9 மணி தொடக்கம் 1 மணி வரை, மணிக்குப் பத்து நிமிடம் நீரடி ஒலிவாங்கியால் பதிவு. ஒவ்வொரு தடவையும் தண்ணீரின் வெப்பநிலை, காற்று, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டியிருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது குறிக்கப்பட வேண்டும். முகத்துவாரம் திறந்தால் உப்பும் நீர்மட்டமும் மாறும். 2013 இல் திறந்த புதுப் பாலத்தில் வாகன இரைச்சல் உண்டு, அது தூணால் இறங்கித் தண்ணீருக்குள் வரும். பாலத்திலிருந்து தள்ளி நிற்பது நல்லது. இயந்திரத் தோணி ஒன்று போனால் அந்தப் பத்து நிமிடத்தை மறுபடி எடுக்க வேண்டும். பதிவுகளில் திகதி போடாமல் இலக்கம் மட்டும் போட்டு, தோணியில் வராத இரண்டு பேரிடம் கொடுத்து, ஒலி உண்டு இல்லை என்று தனித்தனியே எழுத வைக்க வேண்டும். நிலவைத் தெரிந்த காது நிலவுக்கு ஏற்பவே கேட்கும்.

மீனா ஊரியா என்பதற்கும் துணிந்த எதிர்வுகூறல் உண்டு. காற்றுப்பையைச் சூழ்ந்த தசையை அதிரவைத்து நீட்டி ஒலிக்கும் மீன்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் ஒலியின் மீடிறன் (அதிர்வெண்) தண்ணீர் சூடேற ஏறக் கூடும். 1980களில் கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் படகு வீடுகளில் இருந்தவர்களை இரவில் வருத்திய இரைச்சலுக்கு, பம்புகள் உட்படப் பலதையும் சந்தேகித்துக் கடைசியில் அப்படிப்பட்ட ஒரு மீனையே கண்டுபிடித்தார்கள். வாவியிலும் காரணம் அத்தகைய மீன் என்றால், சூடான இரவிலும் குளிர்ந்த இரவிலும் சுருதி ஒன்றாக இருக்கக் கூடாது. ஊரியைத் தொட்டியில் விட்டு ஒலி வரவில்லை என்பதை வைத்து ஊரிக் கருதுகோளைத் தள்ளவும் கூடாது. தொட்டியிலும் அது வாவியில் போல நடக்கும் என்ற துணைக் கருதுகோள் இடையில் நிற்கிறது.

கல்லூரிக்கு இந்த வருடம் சங்கம் என்ன அனுப்பலாம் என்று கேட்டிருந்தார்கள். தண்ணீர் புகாத ஒரு நீரடி ஒலிவாங்கி, பதிவுக் கருவி, இரண்டு வெப்பமானி, நல்ல நிறுத்தற்கடிகாரம் ஆறு, பக்கத்துக்குப் பக்கம் இலக்கம் அச்சிட்ட தடித்த கொப்பிகள். கிழித்தால் தெரியும்படி இலக்கம் இருக்க வேண்டும். முதல் கொப்பியின் முதல் பக்கத்தில், இடப்பக்கத்தில், தோணி வெளிக்கிடுமுன் மையால் எழுத வேண்டிய வரி இது: இரண்டு அமாவாசைப் பதிவுகளிலும் ஒலி உண்டு என்று இருவரும் எழுதினால், பௌர்ணமியில் மட்டும் என்பதைக் கைவிடுவோம்.